கோபுரப் படியில் ஈரக் கோட்டு

நெருங்கி உட்காருங்கள்... இது டப்ளினில் என்னோடு பஸ் ஓட்டும் டெக்லனின் அக்காவுக்கு நடந்தது.

டிசம்பர் மாதம். மாலை நாலு மணிக்கே இருட்டு கட்டிவிடும். கடலோரச் சாலையில் ஒரு ஆள் இல்லை. அக்கா ஃபிடெல்மாவும் அப்பா ஃபின்டனும் மட்டும்தான். சாலை முடியும் இடத்தில் அந்த வட்டமான கல் கோபுரம். எங்கள் ஊர்ப் பெரிய எழுத்தாளர் இளவயதில் சில நாள் தங்கிய இடம். இப்போது அவருடைய அருங்காட்சியகம்.

அப்பாவுக்கு இதயம் பலவீனம். தடி ஊன்றித்தான் நடப்பார். மாடி ஏறக் கூடாது. "அந்த ஆளு எழுதினதுல பத்துப் பக்கம் தாண்டினதில்ல நான். படிய எங்க தாண்டப் போறேன்? நீ பாத்துட்டு வா" என்று வாசலில் இருந்த எட்னா என்ற பெண்ணோடு பேச உட்கார்ந்துவிட்டார்.

சுழல் படி. ஒரே ஒருவர்தான் போக முடியும். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ஃபிடெல்மா எழுத்தாளரின் அறையைப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். காற்று... கடற்பாசி நாற்றம்...

இறங்கத் திரும்பியபோது கேட்டது. டக். ஒரு தடியின் சத்தம். பிறகு ஒரு செருமல். அப்பாவின் செருமல்.

"அப்பா, அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்."

டக்... டக்... இருட்டில் மோதி அவரை விழவைத்துவிடுவோமோ என்று மேலேயே காத்திருந்தாள். சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. நெருங்கவே இல்லை.

பொறுக்க முடியாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். கடலில் குளிக்க இறங்கும் பாறைப் படியில், விளக்கு வெளிச்சத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கோட்டோடு. தண்ணீர் முழங்கால் வரை.

கத்தினாள். காற்று அவள் குரலை ஊர்ப் பக்கம் கொண்டுபோனது. ஓடிவந்து படியில் இறங்கினாள். நாலாவது படியில் கை எதிலோ பட்டது. ஈரக் கம்பளிக் கோட்டு. உள்ளே மூச்சு ஏறி இறங்கியது. வழிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். அசையவில்லை. அழுதாள். கடைசியில் இரண்டு கைகளாலும் தள்ளினாள்.

கீழே விழும் சத்தம் கேட்கவே இல்லை. படி காலியாக இருந்தது.

மேலே யாரும் ஏறவில்லை, அப்பா காற்று வாங்க வெளியே போனார் என்றாள் எட்னா. பாறையில் கடலில் குளிக்க வந்த இரண்டு பெண்கள் அவரைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள். அலையே அடிக்கவில்லையாம். சும்மா நின்றவர் அப்படியே மல்லாக்க விழுந்தாராம்.

ஆஸ்பத்திரியில் ஒருமுறைதான் கண் திறந்தார். மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை... குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்.

"உன்கிட்டதானேம்மா ஏறி வந்தேன்... ஏன் தள்ளிவிட்ட?"