எலி வைத்த கம்ப்யூட்டர்

“எலி வச்ச கம்ப்யூட்டரே எடுப்போம் லா!”

எண்பதுகளின் கடைசியில், ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னார். எஸ்டேட் ஆபீஸை மூடியதால் வேலையிழந்த அந்த அம்மா, வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுக்கப் போகிறார் என்று பேச்சில் புரிந்தது.

“மவுசுன்னு சொல்ற அந்த எலிய நகத்தி, திரையில உள்ள படத்த அமுக்குனா போதும்.”

“எலியப் பாத்தா நாற்காலியில ஏறுற ஆளு நீங்க. எலி இல்லாத இன்னொன்னுல, என்ன செய்யணும்னு ஆர்டர டைப் பண்ணணும். எனக்கு அதான் சுலுவு.”

“அத்தனை ஆர்டரும் ஞாபகம் இருக்குமா?”

“ஒங்களுக்குப் போட்டுப் பழகுனவதானே? அதாச்சும் ஒரு தடவ சொன்னா கேக்கும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “சரி, ஒன் இஷ்டம். முன்னறையில மேசை போட்டுத் தாரேன். வாசல்ல போர்டும் எழுதுறேன்.”



“எம்பேர பெருசா எழுதுங்க,” என்றார் அந்த அம்மா.