ஃப்ரிட்ஜை அணைச்சது யாரு?

ஹலோ... ஹலோ, அம்மா? நான்தான். கேக்குதா?... சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேன். அம்மா, ஒரு அவசரம். நேத்து வீட்டுல என் சாவியை விட்டுட்டுப் போயிருக்கேனா, கொஞ்சம் பாரு... சாவிம்மா, சாவி! சின்னது. சிவப்புக் கயிறு கட்டியிருக்கும்... இரு, இரு, ஃப்ரிட்ஜ் கதையை அப்புறம் கேக்குறேன். முதல்ல சாவியைத் தேடு.

லாக்கர் சாவி. காலேஜ் லாக்கர்... ஆமா, ஆமா, அதேதான். நேத்து நாங்க எல்லாரும் நம்ம ஹால்ல வந்து எடுத்தோமே, அந்தப் படத்தோட சவுண்டு மொத்தமும் ஹார்டு டிஸ்க்ல இருக்கு. டிஸ்க் லாக்கர்ல இருக்கு. லாக்கர் பூட்டியிருக்கு. நான் வெளியில நிக்கிறேன். புரியுதா?... பூட்டினது நான்தான், ராத்திரி பூரா இங்கயே உக்காந்து வேலையை முடிச்சுட்டு. அது அமுக்கினா பூட்டிக்கிற பூட்டும்மா. பூட்டுறதுக்குச் சாவி வேணாம், திறக்கத்தான் வேணும்.

காப்பி எடுத்து வச்சிருக்கேன். நான் என்ன முட்டாளா? காப்பி எடுக்காம இருப்பேனா... அதுவும் லாக்கர்லதான் இருக்கு.

சிரிக்காத. தயவுசெஞ்சு சிரிக்காத. மூணு மணிக்கு அந்த ஸ்டூடியோக்காரர் வர்றார்... சொன்னேனேம்மா, நாலு வாட்டி சொல்லியிருக்கேன்! எங்க செட்டு எல்லாரோட வேலையையும் உக்காந்து கேட்டுட்டு, ஒரே ஒருத்தரை அசிஸ்டென்ட்டா கூட்டிக்கிட்டுப் போவாரு. ஒருத்தரைத்தான். எனக்கு முன்னாடி அஞ்சாறு பேர் போட்டுக் காட்டுவாங்க, அதுக்குள்ள டிஸ்க் என் கைக்கு வரணும். இல்லேன்னா நான் வெறுங்கையை வீசிக்கிட்டுத்தான் உள்ள போகணும்.

பூட்டை உடைக்கலாம். ஆபீஸ்ல கேட்டாச்சு. லாக்கருக்குப் பொறுப்பா ஒரு மேடம் இருக்காங்க, அவங்க வந்து சொன்னாத்தான் உடைப்பாங்களாம். அவங்க லீவு. இன்னொரு மேடம்கிட்ட கேட்டா, அது என் வேலை இல்லைங்கிறாங்க. சுவத்துல போய் முட்டிக்கலாம் போல இருக்கு.

சரி, டிவி மேல பாரு... இல்லையா? நான் பை வச்சிருந்த நாற்காலி?... அம்மா, தேடிக்கிட்டே பேசு. சரி, சொல்லு, ஃப்ரிட்ஜுக்கு என்ன இப்போ?... ம்... ம்... பால் திரிஞ்சுடுச்சா... மீனுமா?... வீடே நாறுதா...

அம்மா. எப்போலேருந்து ஓடல?

நேத்து சாயங்காலத்துலேருந்தா... ஐயோ.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா. சும்மா ஐயோன்னேன், அந்த மீனை நினைச்சு... உள்ள லைட்டும் எரியலையா? ம்... அப்பா என்ன பண்றாரு?... கழட்டிட்டாரா? பின்பக்கத்தையா?... பேப்பரை விரிச்சு ஸ்க்ரூவை எல்லாம் வரிசையா வச்சிருக்காரா... கடவுளே. மெக்கானிக் வேற வர்றானா?

டேய், சும்மா இருடா, அம்மாகிட்ட பேசிட்டு இருக்கேன்ல... தெரிஞ்சுடுச்சு. சாவி எங்க இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு... ஃப்ரிட்ஜுக்குள்ள... இவ்வளவு நேரம் அழுதல்ல, அழு. சிரிச்சேன்னா கொன்னுடுவேன்.

இல்லம்மா, உன்னை இல்ல. எங்க படத்தோட டைரக்டர், என் செட்டுப் பையன். இங்கதான் பக்கத்துல நின்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருக்கான். அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், நீ கத்தக் கூடாது. அப்பாகிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு... முதல்ல பண்ணும்மா... சரி. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆகல. நான்தான் அணைச்சேன். சுவத்துல காலண்டருக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்குல்ல, அதை...

கத்த மாட்டேன்னு சொன்னியே!

ஏன் அணைச்சேன்னா, அது சத்தம் போடுது. ம்ம்ம்ம்னு... உனக்குக் கேக்காது. பழகிப் போச்சு. மைக்குக்குக் கேக்கும். படத்துல அந்தப் பொண்ணு மெதுவா அழுதுக்கிட்டே பேசுற இடம், அதுல பின்னாடி ம்ம்ம்ம்னு ஓடினா எப்படி இருக்கும்? நீ குக்கர் வச்சதுக்கே ரெண்டு வாட்டி திரும்ப எடுத்தோம்... நான் உன்னைக் குத்தம் சொல்லலம்மா. சமைக்காம எப்படி இருப்ப, சரி, சரி.

மறந்துட்டேன். மறக்கக் கூடாதுன்னுதான் சாவியை உள்ள வச்சேன்... எங்க சார் சொல்லிக் கொடுத்தது. படம் எடுக்கப் போற வீட்டுல ஃப்ரிட்ஜை அணைச்சா, உன் சாவியைத் தூக்கி அதுக்குள்ள போட்டுடணும். சாவி இல்லாம வீட்டுக்குக் கிளம்ப முடியாது. சாவியை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறப்போம், ஆஹா, அணைச்சோமேன்னு ஞாபகம் வரும். சவுண்டு வேலையில இருக்கிற எல்லாரும் பண்றது... எல்லாரும் வண்டிச் சாவியை வைப்பாங்க! எனக்கு ஏது வண்டி? கேட்டப்போ வாங்கிக் கொடுத்தீங்களா? என்கிட்ட இருந்தது லாக்கர் சாவிதான். அதை வச்சேன். காலேஜ் வேன் வந்துச்சு, ஏறிட்டேன். வேன்ல ஏறுறதுக்கு லாக்கர் சாவி எதுக்கு?

முட்டை வைக்கிற குழியிலம்மா. கடைசிக் குழி. போய்ப் பாரு... என்னது?... நீ பார்த்தியா? காலையிலேயே பார்த்தியா? ஏம்மா, இவ்வளவு நேரம் நான் கரடியா கத்துறேன்... அப்பா வச்சார்னு நினைச்சியா? அப்பா எதுக்கும்மா முட்டைக்குப் பக்கத்துல சாவி வைக்கப் போறாரு... திட்டினியா? ஞாபக மறதி வந்துடுச்சு, டாக்டர்கிட்ட காட்டணும்னா சொன்ன?... ஐயையோ. அவரு நான் வைக்கவே இல்லைன்னு சொல்லச் சொல்ல...

சரி. இப்போ சாவி எங்க?... டேபிள் மேலயா. நல்லது. நீ அதை அப்படியே... ஏன் எதிரொலிக்குது? அம்மா, ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?

எப்போலேருந்து?

...

அப்பா.

ஆமாப்பா. கேட்டுட்டீங்களா... ஆமா. நான்தான்... இல்லப்பா, உங்களை முட்டாளாக்கணும்னு... ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டுட்டா ஓடும்ப்பா, அது நல்லாத்தான் இருக்கு. மெக்கானிக்கை வர வேணாம்னு சொல்லிடுங்க... தெரியும்ப்பா. தப்புதான். மீன், பால், எல்லாம் தப்புதான். சாயங்காலம் வந்து ஃப்ரிட்ஜை நானே கழுவிக் கொடுக்கிறேன். இப்போ அந்தச் சாவியை மட்டும் கொஞ்சம் வண்டியில... அப்பா, அம்மா பஸ்ல வந்தா ஆகாதுப்பா, பஸ்ஸு ஊரைச் சுத்திக்கிட்டு வரும். நீங்க இப்போ கிளம்பினா வந்துடலாம்...

ம்... ம்... சொல்லுங்க.

ஆமாப்பா. ஃப்ரிட்ஜை அணைக்கிறதுக்குத்தான் மூணு வருஷமா காலேஜுக்குப் போறேன். வேற ஒண்ணும் சொல்லித் தரல. காலையில போனதும் அணைப்போம், சாயங்காலம் போட்டுட்டு வருவோம்... பின்ன என்னப்பா? நீங்க கேக்குறது அப்படித்தானே இருக்கு!

மைக் செட்டு வேலை இல்லப்பா அது... மைக் செட்டா இருந்தாத்தான் என்ன? அவங்க மட்டும் மனுஷங்க இல்லையா?... நான் எதிர்த்துப் பேசல. இல்ல, பேசுறேன். ஆமா, பேசத்தான் செய்றேன். மூணு வருஷமா பேசாம இருந்தேன்ல. அத்தை போன் பண்ணி உன் பொண்ணு என்ன படிக்குதுன்னு கேட்டப்போ என்ன சொன்னீங்க? கம்ப்யூட்டர்னு சொன்னீங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்ப்பா. என் முன்னாடியே சொன்னீங்க. நானும் தலையை ஆட்டினேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்ன படிக்கிறேன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? ஹெட்போனை எடுத்து, கொடு, நானும் கேக்குறேன்னு சொல்லியிருக்கீங்களா? பேங்க் பரீட்சை எழுது, பேங்க் பரீட்சை எழுது, அதை விட்டா வேற பேச்சே கிடையாது.

நேத்து நீங்க உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டீங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பார்த்தாங்க. அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிச் சமாளிச்சேன். எவ்வளவு வெட்கமா இருந்துச்சு தெரியுமா? உங்களுக்கு வெட்கமா இருக்குற மாதிரி எனக்கும் இருக்கும்லப்பா.

வர வேணாம். சாவியும் வேணாம். நான் போய் அந்த ஆள்கிட்ட, சார், டிஸ்க் லாக்கர்ல இருக்கு, சாவி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு சொல்லிக்கிறேன். சிரிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடட்டும். அப்புறம் உங்க இஷ்டம், பேங்க் பரீட்சையே எழுதறேன், போதுமா?... அப்பா?

ஹலோ?... ஹலோ?

வச்சுட்டாருடா... இல்ல, இல்ல, வைக்கல. லைன் இருக்கு. ஃபேன் சத்தம் வருது, நம்ம ஹால் ஃபேன், அது டக் டக்குன்னு அடிக்கும். போனை டேபிள்ல போட்டுட்டுப் போயிட்டாரு. அப்படித்தான் பண்ணுவாரு. கோபம் வந்தா எழுந்து போயிடுவாரு... கொஞ்சம் இருடா, பேசாத. செருப்பு சத்தம். யாரு... சுவிட்ச் போட்டாங்க. ஃப்ரிட்ஜ் ஓடுதுடா! அதான், அந்த ம்ம்ம். சனியன், எவ்வளவு சத்தமா ஓடுது பாரு.

அம்மா! வந்துட்டியா? அப்பா என்ன பண்றாரு?... ரொம்பக் கோபமா?... நான் ரொம்பப் பேசிட்டேன்ல... சட்டை மாத்துறாரா? எதுக்கு? எங்க போறாரு?... உன்கிட்டயும் சொல்லலையா?

அம்மா, பேசாத. ஒரு நிமிஷம் பேசாத... அது நம்ம வண்டி. உதைக்கிறாரு... ரெண்டாவது உதைக்குத்தான் எடுக்கும், அப்பா வண்டியேதான்... இங்கதான் வர்றாரு! அம்மா, இங்கதான் வர்றாரு, வேற எங்க போவாரு? டேய், வர்றாருடா!

ஹெல்மெட் போட்டாரா?... சரி. அந்தச் சாவியைப் பையில போடச் சொன்னியா, சட்டைப் பாக்கெட்ல வச்சா விழுந்துடும்... என்னது?

டேபிள் மேலயே இருக்கா?

அம்மா, ஓடு! எடுத்துக்கிட்டு ஓடு! கூப்பிடு அவரை!... ஹெல்மெட் போட்டிருந்தா எப்படிக் கேக்கும், கத்து! இன்னும் சத்தமா!... செருப்பெல்லாம் அப்புறம், சும்மாவே ஓடு! கேட்டைத் திற... ஐயோ, வண்டி தூரமாப் போகுது. எனக்கே கேக்குது, முனைக்கிட்ட போயிட்டாரு. கோபத்துல கிளம்பி வந்து, இங்க வந்து நின்னு கையை விரிப்பாரு. எனக்குன்னு எல்லாம் இப்படித்தான் நடக்கும்... கத்தும்மா! நேத்து டேக் நடுவுல பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டியே, அப்படிக் கூப்பிடு!

...

நில்லு. அம்மா, கத்தாத. நிறுத்து, நிறுத்து. மூச்சு விடாத... சத்தம் நின்னுடுச்சு.

இல்ல, போகல. போனா தேஞ்சுக்கிட்டே போகும். இது டக்குன்னு நின்னுச்சு. பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறாரு போல... இப்போ உதைக்கிறாரு, ஒண்ணு... ரெண்டு... எடுத்துடுச்சு. வர்றாரும்மா. உன் பக்கம்தான் வர்றாரு, நல்லா கேக்குது, சத்தம் பெருசாகுது... அழல. நான் ஒண்ணும் அழல, சளி... அப்பா குரல்தானே அது? கத்துறாரா? கத்தட்டும்மா, உன்னையும் என்னையும் சேர்த்தே கத்தட்டும். நீ பதில் பேசாத, சாவியை மட்டும் கையில கொடு. கொடுத்துட்டியா?... அம்மா?... கொடுத்துட்டியா?