கடவத்தில் போட்டது

செங்கல் ஊரில் என் வீட்டுக்கு வந்துபோகும் பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இரண்டு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் ஒரு துரும்புகூடக் கண்ணில் படவில்லையே, அது எப்படி ஸ்ரீகுமாரி என்பார்கள். வித்தை ஒன்றும் இல்லை. எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

சந்தியா விளக்கு ஏற்றுவதற்கு முன் பனையோலைக் கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வருவேன். இடம் மாறிக் கிடப்பதெல்லாம் கடவத்துக்குள் போகும். திரும்ப வேண்டுமென்றால் என் முன்னால் வந்து நின்று, பொருளின் பெயரையும் அது இருக்க வேண்டிய இடத்தையும் வாயால் சொல்ல வேண்டும். "சீப்பு, அம்மா. கண்ணாடிக்க கீழ" என்பான் அனூஜ். கொடுத்துவிடுவேன். அடித்ததில்லை, ஏசியதில்லை. என் கணவர் மோகனன்கூட, "மூக்குக்கண்ணாடி. ரேடியோவுக்க மேல" என்று சிரிக்காமல் சொல்லித்தான் வாங்கிப்போவார்.

தொண்ணூற்று நான்கில் அவருடைய தங்கை விலாசினி வந்து சேர்ந்தாள். கோட்டுகாலில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை. பழைய பத்திரிகை, கழுவிய பால் கவர், துண்டு ரிப்பன், பாதி நூல்கண்டு என்று எதையும் எறிய மனம் வராதவள். போதாததற்கு இளைப்பு. வாயில் வைத்து இழுக்கிற மருந்து பம்பு ஒன்று எப்போதும் கூடவே இருக்கும். அவளை நான் வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். மீனின் நடுத்துண்டை அவளுக்குத்தான் வைப்பேன்.

ஆனால் அவள் ஒருநாளும் சொல்லி வாங்கியதில்லை. நேராக வந்து கடவத்துக்குள் கையை விடுவாள். "எனக்க சாமானத்த எடுக்கியதுக்கு எனக்கு என்னத்துக்கு மைனி பரீட்சை?" என்று சிரிப்பாள். பிள்ளைகளும் கூடச் சிரித்தார்கள். பிறகு அவர்களும் கையை விடத் தொடங்கினார்கள்.

மோகனனிடம் சொன்னேன். "எட்டி, அவளுக்க வீடும் ஆக்கும் இது. நீ கொஞ்சம் கண்ண மூடு" என்றார். மூடினேன். பத்து நாளில் வீடு சந்தையாகிவிட்டது. என்னைத் தவிர யாருக்கும் அது உறைக்கவில்லை. அந்த வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது கடவம் ஒன்றில்தான். அதுவும் போனால் நான் அங்கே யார்? ஒரே ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. வேறு எதற்கும் நான் ஆசைப்படவில்லை.

ஆனி மழை விடாமல் பெய்த ஒரு காலை. மோகனன் பாறசாலைக் கடைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. வழக்கத்துக்கு மாறாக அன்று காலையிலேயே கடவத்தை எடுத்தேன். அதில் பம்பும் இருந்தது. விலாசினி கிணற்றடியில் துணி துவைத்து, நனைந்து, மூச்சு இளைக்க வந்தாள். அறைக்குள் போனாள். வெறுங்கையோடு அடுக்களைக்கு வந்தாள். கடவத்தை நோக்கிக் கையை நீட்டினாள். நான் அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"சொல்லு விலாசினி. என்ன சாமானம், எங்க இருக்கணும்?"

முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வந்தது. நான் விறகை வெளியே இழுத்துவைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். காத்து நின்றேன்.

அவள் விழுந்த பிறகு பம்பைத் தலையணைக்கடியில் வைத்தேன். பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன். ஜீப்பில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. "பம்பு தலவாணிக்க அடியில தானே கிடந்துது. பாவத்துக்கு எடுக்கத் தோணல்லியே" என்று பக்கத்து வீட்டு விஜயம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்கு வருடமாகிறது. பிள்ளைகள் இப்போது பிசகாமல் சொல்லித்தான் வாங்குகிறார்கள். மகள் அஷ்வதி என் முன்னால் வந்து நிற்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். அதைப் பார்த்துவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்குவதில்லை. பாவம் செய்தவள் நான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவள் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிவந்தேன். அதுவும் உண்மை இல்லை. மூச்சுக் கிடைக்காதபோதும் அவள் ஒரு விரலால் கடவத்தைத் தொட்டாள். அதே விரலால், திறந்த கதவு வழியே, தன் கட்டிலை, தலையணையைக் காட்டினாள். சரியான பதில். பம்பு அதன் இடத்தில்தான் இருந்தது. காலையில் அங்கிருந்து எடுத்துக் கடவத்தில் போட்டவள் நான்.

"வாயால சொல்லணும்" என்றேன்.