நோவு முறுக்கி வரட்டும் என்றார்கள்

“ஹலோ... அம்மா? நாந்தாம்மா, கவி. வெச்சிடாத. அம்மா... வெச்சிடாத, ஒரே நிமிசம்.”

எதிர்முனையில் குரல் எதுவும் வரவில்லை. ஏதோ மாடு கத்துகிற சத்தமும் யாரோ மூச்சு விடுகிற சத்தமும்தான் கேட்டன. அந்த மூச்சு அம்மாவுடையதுதான் என்று கவிப்பிரியாவுக்குத் தெரியும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபோனைக் காதோடு வைத்து அழுத்தினாள். இளம்பரிதியைக் கட்டிக்கொண்டு சித்தேரி மலைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் அவள் பிறந்த வீட்டு வாசலில் நின்றால் இந்த மலை தெரியும். ஆனால் அந்த வீட்டில் யாரும் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று அப்பா வெங்கடாசலம் சொல்லிவிட்டார். அம்மா கண்ணம்மாள் அதை ஒருநாளும் மீறவில்லை.

“நீ பேச வேணாம். கேட்டுக்கோ, போதும். நான் முழுகாம இருக்கம்மா. நெற மாசம்... ம்? ... யாரு சொன்னா? ... ஓ. தெரிஞ்சுமா ஒரு வார்த்த கேக்கல நீ? ... சரி. சரி, சரி, அதப் பேச நான் கூப்புடல. அம்மா, தண்ணிக்கொடம் ஒடஞ்சிடுச்சும்மா.”

சொன்னதும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. அதுவரை வாயைத் திறந்து யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை, மலையடிவாரத்து நர்ஸம்மாவைத் தவிர. வீட்டில் யாரும் இல்லை. தரையில் ஈரச் சேலை சுருண்டு கிடந்தது. அடுப்பில் காலையில் மாமியார் வைத்துவிட்டுப் போன வெந்நீர் ஆறிப்போயிருந்தது.

“இப்பத்தான். கொஞ்ச நேரம் முந்தி... யாரும் இல்லம்மா. நான் மட்டுந்தான்... அவுரு சத்தீஸ்கர்ல இருக்காரு, ஆழ்கெணறு போடற போர் வண்டியில. ஆறு மாசமாச்சு போயி. பண்ணிப் பாத்துட்டேன், அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டேன், ரீச் ஆவல... அத்தை சாமை அறுக்கப் போயிருக்காங்க. காடு ரொம்பத் தூரம். அவங்ககிட்ட ஃபோன் கெடையாது... இல்லம்மா, திட்டாத. நல்லவங்கதான். காலையில லேசா இடுப்பு வலிக்குதுன்னேன். நோவு முறுக்கி வரட்டும் கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்னாங்க. அவங்க பெத்தது அத்தனையும் இந்த வூட்லதான். இங்கயே பெத்துக்கலாம், வெந்நி வெச்சுட்டுப் போறேன்னு... அவங்களுக்குத் தெரிஞ்சது அதுதானம்மா.”

வயிறு மறுபடி இறுகியது. பேச்சை நிறுத்திவிட்டு நெற்றியைச் சுவரில் முட்டுக் கொடுத்து நின்றாள். வலி இடுப்பிலிருந்து கிளம்பி முன்பக்கம் வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு, மெல்ல இறங்கிப்போனது. ஃபோனிலிருந்து இப்போது குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாகக் கேட்காத குரல் அவள் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

“ம்... ம்ம்... இருக்கேன். இருக்கம்மா. போயிடுச்சு... இல்ல, விட்டு விட்டுத்தான் வருது. அதில்லம்மா, கேளு. கொழந்த தல மேல இருக்கு. காலு கீழ. ஸ்கேன்ல சொன்னாங்க. இங்க வெச்சுப் பாக்க முடியாது, தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவணும்னு நர்ஸம்மா அப்பவே சொல்லிட்டாங்க. முன்னாடியே கீழ வந்து தங்கிடுன்னாங்க. அடுத்த வாரம் எறங்கலாம்னு இருந்தேன்... ஆமா. ஆமா, முந்திக்கிச்சு.”

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். தெருமுனையில் அதே ஊர்க்காரர் குப்புராஜின் பிக்கப் வண்டி பலாப்பழம் ஏற்றிக்கொண்டு நின்றது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் வளைவுகளில் மண் சரியும் என்று அவர் அவசரப்பட்டார்.

“அதாம்மா உன்ன கேக்கறேன். நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு. அது மல ஏறி வர நேரமாவும்னு, கெடைக்கிற வண்டியில எறங்கி வா, அடிவாரத்துல நிக்கச் சொல்றேன்னாங்க நர்ஸம்மா. குப்புராஜண்ணன் வண்டி கெளம்புது இப்ப. அத விட்டா பொழுதுசாயத்தான் பஸ்ஸு... இல்ல, பொம்பளைங்க யாரும் இல்ல. ஊரே காட்டுக்குப் போயிருக்கு. நானும் அந்தண்ணனும்தான். வழியில எதாச்சும் ஆச்சுன்னா? அந்த வளைவுல, வண்டியில, ஒரு பொம்பள கூட இல்லாம... அத்தை வர்ற வரைக்கும் இருக்கட்டுமா? அவங்க வந்தா கூட ஒரு ஆளாவது... சொல்லும்மா. உனக்குத் தெரியும்ல. சொல்லு. எனக்குக் கேக்க வேற ஆளில்ல.”

அம்மா பதிலுக்கு எதையோ கேட்டாள். கவிப்பிரியாவுக்கு முதலில் புரியவில்லை.

“எந்தத் தண்ணி? ... ஓ. வெள்ளையாத்தான் போச்சு... இல்ல, பச்சையா இல்லியே... நல்லாத்தான் பாத்தேன். இரு, சீல இங்கதான் கெடக்கு...”

சுவரைப் பிடித்தபடியே குனிய முடியாமல் குனிந்து, கால் விரலால் சேலையை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள்.

“இல்லம்மா. பச்சை இல்ல... அசையுது. இப்பக் கூட ஒதச்சுச்சு. ஏன் பச்சையான்னு கேக்கற? ... அம்மா? பச்சையா இருந்தா என்னாம்மா?”

பதில் வந்தது. மிகச் சின்னக் குரலில் வந்தது.

“கொழந்த உள்ளயே மலம் போயிருந்தா உசுருக்கு ஆபத்தா? ... யாருக்கு அப்பிடி ஆச்சு? ... உனக்கா? எப்ப? ... எனக்கு முன்னாடியா?”

கவிப்பிரியா நின்ற இடத்திலேயே மெல்லச் சரிந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே குப்புராஜ் இன்னொரு முறை ஹாரன் அடித்தார். அது அவள் காதில் விழவில்லை.

“பையனா? ... ம். ... ம். ... காலையில ஒடஞ்சதா? அப்பறம் சாயங்காலம் வரைக்குமா? ... நோவு வரலன்னு. ... எல்லாரும் சொன்னாங்கன்னு நீயும் இருந்துட்ட... ம். வண்டி கட்டுறதுக்குள்ள... அழாதம்மா. ... அழுதா நான் என்னா பண்ணுவேன் சொல்லு. ... ஆடியில ஒரு நாளு சோறு திங்க மாட்டியே, கேட்டா விரதம்னுவியே. அதுக்கா? ... பேரு வெச்சீங்களா?”

வைத்திருக்கவில்லை.

பிறந்ததிலிருந்து அவள்தான் மூத்தவள். சொந்தக்காரர்கள் வந்தால் மூத்தது இதுதான் என்று அப்பா அவள் தலையில் கைவைத்துக் காட்டுவார். அப்போதெல்லாம் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். காப்பி போடத்தான் போகிறாள் என்று கவிப்பிரியா நினைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்தும் அம்மா இதைச் சொன்னதில்லை. இன்றைக்கு, பார்க்கவும் முடியாத தூரத்தில் இருந்துகொண்டு சொல்கிறாள்.

“போறேன். ... போறம்மா, இப்பவே போறேன். கத்தாத, அப்பா காதுல விழப்போவுது... விழட்டுமா? சரி. சரி, எந்திரிக்கறேன். இரு.”

எழுந்திருப்பதற்குப் பெரும்பாடாகிவிட்டது. வாசல் நிலையைப் பிடித்து நிமிர்ந்ததும் பலமாகக் குரல் கொடுத்தாள்.

“குப்புராஜண்ணா! அண்ணா, போயிடாதீங்க! நானும் வரேங்க! ... உன்ன இல்லம்மா, அவுரத்தான். பாத்துட்டாரு. வராரு, வராரு... எடுத்துக்கிட்டேன், ஸ்கேனு, அட்டை எல்லாம் ஒரு கவருல இருக்கு... பழைய சீலையா? ரெண்டு இருக்கு. நூல் சீலதான்... வெள்ள வேட்டியா, அவுரோடது ஒண்ணு இருக்கு. அதப் போட்டுக் கொழந்தயப் புடிக்கலாமா? ... ம், எடுத்துட்டேன். கதவப் பூட்டல. தொறந்தே போட்டுட்டுப் போறேன். அத்தை வந்து ஈரச் சீலயப் பாத்தா புரிஞ்சிக்குவாங்க.”

குப்புராஜ் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெட்கத்தில் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பிடித்து ஏற்றிவிடலாமா கூடாதா என்று தயங்கிவிட்டு, கடைசியில் தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை நீட்டினார். அதைப் பிடித்து ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். வண்டிக்குள் பலாப்பழ வாசனை மூக்கை அடைத்தது.

“ஏறிட்டம்மா... இடது பக்கம் சாஞ்சுதான் இருக்கேன், நர்ஸம்மா அப்பிடித்தான் சொன்னாங்க... அரூர்லயா? வேணாம்மா, தருமபுரிக்கே போயிடறேன். நூத்தியெட்டுல ஏத்துனா நேரா அங்கதான். கால் கீழ இருக்கறதுக்கு அங்கதான் டாக்டருங்க இருக்காங்களாம்... ஆமா, ஆமா. அறுத்தாலும் அறுக்கட்டும். உசுரோட வந்தா போதும்.”

வண்டி நகர்ந்தது. வீட்டின் திறந்த கதவு பக்கவாட்டுக் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது. அதுவரைக்கும் கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டாள்.

“அம்மா... நீ வருவியா? தருமபுரிக்கு? பஸ் புடிச்சா எனக்கு முன்னாடியே போயிடுவ நீ...”

மலைச்சாலையின் இரண்டு பக்கமும் மூங்கில் புதர்கள் ஓடின. அம்மா சொல்வதை அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“ம். ... ம். ... வூட்லயேதான் இருக்காரா. ... ம். ... தெரியும்மா, அவுரு கோவம் எனக்குத் தெரியாதா. ... இல்ல, சும்மாதான் கேட்டேன். ... வர முடியாதுன்னா என்னா பண்ணுவ நீ. ... இல்லம்மா, கோவமில்ல. சத்தியமா இல்ல. பரவால்ல.”

பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், குப்புராஜ் பார்த்துவிடக் கூடாதென்று. அவர் பார்வையோ சாலையை விட்டு நகரவே இல்லை.

“வெச்சிடாத மட்டும். அடிவாரம் போற வரைக்கும் எதாச்சும் சொல்லிட்டே இரு... எதாச்சும். என்னா பண்ணிட்டிருந்த நான் கூப்புடறப்ப? ... மாட்டுக்குத் தண்ணி வெச்சியா? ... ம். செவலையா? கன்னு போட்டுச்சா! எப்ப? ... கெடேரியா? ... ம்... நெத்தியில சுட்டியா...”

அடுத்த வலி வந்தது. இது பழைய வலி மாதிரி இல்லை. சீட்டின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. குப்புராஜ் வண்டியை ஓரம் கட்டப் பார்த்தார்.

“நிறுத்தாதீங்கண்ணா! போங்க... போய்ட்டே இருங்க... அம்மா... அம்மா, முடியல... ம்... ம்ம்... வாய்ல மூச்சு விடறேன்... ம்... முக்கக் கூடாதா? ... முக்கல... நீ சொல்லிட்டே இரு... கன்னுக்கு என்னா பேரு... ம்...”

மழை முன்கண்ணாடியில் விழத் தொடங்கியது. வண்டி முதல் வளைவில் திரும்பி, மலையின் பின்பக்கம் இறங்கியது. கன்றுக்குட்டி பால் குடிக்க முரண்டு பிடிக்கிற கதையை அம்மா பாதி சொல்லியிருந்தாள். பேச்சு துண்டு துண்டாக வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

“அம்மா? ... கேக்குதா? அம்மா, விட்டு விட்டு வருது... அம்மா?”

ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். டவர் ஒரு கோடுகூட இல்லை. அடிவாரம் வரைக்கும் இந்தப் பக்கம் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான், எத்தனையோ தடவை பஸ்ஸில் இறங்கியிருக்கிறாள். இன்றைக்குப் பேச்சுவாக்கில் அது நினைவில் இல்லாமல் போய்விட்டது. ஃபோனை மடியில் வைத்தாள். வைத்ததும் வண்டிக்குள் இன்ஜின் சத்தமும் மழைச் சத்தமும் தன் மூச்சுச் சத்தமும் மட்டுமே இருந்தன. பயமாக இருந்தது. தனக்கு முன்னால் பேரில்லாமல் போனவனை நினைத்தாள். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே அசைவு இருந்தது.

ஃபோனை எடுத்து மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள்.

“ம். ... ம், சொல்லும்மா. ... ஆமா, இருக்கேன். ... வந்துட்டோம், பாதி தூரம் வந்துட்டோம். ... ஆமா. ஆமாம்மா. வலி வருது போவுது. நீ சொல்லிட்டே இரு, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்...”

குப்புராஜ் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த வளைவுகளில் யார் ஃபோனும் எடுக்காதென்று அவருக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் வைப்பரை வேகமாக ஓடவிட்டார்.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் ஆம்புலன்ஸ் சொன்னபடி நின்றுகொண்டிருந்தது. மழையில் நனைந்துகொண்டே படுக்கையை இழுத்து வந்து அவளை ஏற்றினார்கள். உள்ளே இருந்த இளம்பெண் வயிற்றில் கருவியை வைத்துக் கவனமாகக் கேட்டாள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, சரியான நேரத்தில் கிளம்பி வந்துவிட்டாய் என்று சொன்னாள். கவிப்பிரியாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அப்புறம் அந்தப் பெண், கதவைச் சாத்துவதற்கு முன்னால் ரோட்டை ஒருதரம் பார்த்துவிட்டு, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

குப்புராஜ் தூரத்தில் தன் வண்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“எங்கம்மா இருக்காங்க,” என்றாள் கவிப்பிரியா. ஃபோன் இன்னும் காதோடுதான் இருந்தது. “லைன்ல இருக்காங்க.”