கேமரா ஸ்டேண்டில் காய்த்த பாவக்காய்

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் மாத்தளையிலிருந்து அலுவிகாரைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பையைத் திறந்து பக்கத்திலிருந்தவரிடம் இப்படிச் சொன்னால் கேட்காமல் எப்படி இருப்பது?

“இந்தாங்கக்கா, பாவக்கா. எங்க தம்பியோட கேமரா ஸ்டேண்டுல காய்ச்சது.”

“கேமரா ஸ்டேண்டுலயா?”

“போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுல அவன் கேமரா விழுந்து ஒடஞ்சிருச்சுல்ல. அவனும் கத்தாருக்கு வேலைக்குப் போயிட்டான். மூணு கால் ஸ்டேண்டு சும்மாதானே கெடக்குன்னு கொடிய ஏத்திவிட்டேன்.”

“நல்ல வேலதான், தூக்கிப் போடாம.”

“லென்ஸையும் தூக்கிப் போடல. ஒடச்சி, உள்ள இருந்த பெரிய கண்ணாடிய எடுத்து தையல் மெஷின்ல கட்டிக்கிட்டேன். இப்ப ஊசியில நூல் கோர்க்க யாரையும் கூப்புடுறதில்ல.”

“கெட்டிக்காரிதான் நீ!”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா.”

பையை மூடி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணே தொடர்ந்தார்.

“நேத்து வீடியோ கோல் எடுத்தான். காசு சேத்து புதுக் கேமரா வாங்கிட்டானாம். லென்ஸ் இல்லாம, கேமரா மட்டும். ‘கேமராதானேக்கா ஒடஞ்சது, லென்ஸ் வீட்டுல நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் வந்து மாட்டிக்கிறேன்’னு சிரிக்கிறான்.”

“ஐயோ! நீ என்ன சொன்ன?”

“‘அத ஒருக்கா காட்டுக்கா, பாக்கணும் போல இருக்கு’ன்னான். சிக்னல் இல்லடான்னு கட் பண்ணிட்டேன்.”