ரோஸ்மேரியின் இந்தி ஜெபம்

— அப்புறம் நம்ம கோயில் ஹால் சாவி எப்படீங்க ரோஸ்மேரி கைக்குப் போச்சு, மாசிலாமணி? சபைச் செயலாளர் லெட்டர்ல அதைத்தானுங்க மறுபடி மறுபடி கேட்டிருக்காரு.

— சாவி போகல ஐயா. கதவு தானாத் தொறந்துது.

— நம்ம கோயில்ல கதவு தானாத் தொறந்து நான் பாத்ததில்லீங்க. நீங்க கோயில்பிள்ளை. பதினாலு வருசமா சாவிக்கொத்து உங்க இடுப்புலதான் கெடக்குது.

— சரி, நாந்தான் தொறந்து குடுத்தேன். ஆனா மூல காரணம் நீங்கதான் ஐயா.

— நானுங்களா? நெஞ்சுல ஆபரேசன் பண்ணிப்போட்டு மூணு மாசமா வெள்ளகோயில்ல எங்கக்கா ஊட்டுல படுத்துக் கெடந்தேனுங்க. நேத்துத்தான் வந்தேன்.

— ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம என்ன பிரசங்கம் பண்ணுனீய? கரையில நின்னு கால நனைச்சிட்டுத் திரும்பாதீங்க, ஆழத்துல போயி வலையப் போடுங்கன்னீய. எல்லாரும் ஆமென் சொல்லிட்டு பிரியாணி வாங்கப் போயிட்டாவ. ரோஸ்மேரி மட்டும் பெஞ்சிலயே இருந்தா.

— அந்தம்மாவா? வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னால போயி நின்னுக்குமுங்களே.

— அவளேதான். சாத்தான்குளத்துல இருந்து வந்து இருவது வருசமா பனியன் கம்பெனில செக்கிங் பாக்குதா, துணியில ஓட்ட கறை இருக்கான்னு பாத்து பீஸப் பாஸ் பண்ணுத வேல. அவ சத்தம் அவ வீட்டுக்காரருக்கே சரியாத் தெரியாது. ஆனா கண்ணு இருக்குல்லா. நம்ம ஆராதன நேரத்துல காம்பவுண்டுச் செவுத்துக்கு வெளிய ஒம்பது வடக்கத்திப் பையனுவ நிப்பானுவ. பாட்டு முடியுத மட்டும் நிப்பானுவ. உள்ள வாங்கன்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல, நானும் கூப்பிட்டதில்ல. இவ பாத்தா. ஆத்துமா தாகத்துல நிக்கிதுன்னு முடிவு பண்ணிட்டா. சனிக்கிழம சாயங்காலம் நேரா அவனுவ ஹாஸ்டலுக்கே போயிட்டா.

— இந்தி தெரியுமுங்களா?

— கம்பெனி இந்தி தெரியும். ஜல்தின்னா சீக்கிரம், கராப்னா டேமேஜ், கல் ஆவ்னா நாளைக்கு வா, சுட்டி நஹின்னா லீவு கெடையாது. இத வச்சேதான் இத்தன வருசம் லைன்ல வேல வாங்குதா. வாசல்ல நின்னு, கல் ஆவ், சர்ச் ஆவ், சாய் ஹை, பிஸ்கட் ஹைன்னு கூப்பிட்டிருக்கா. வார்டன் பதறி ஓடி வந்துட்டான்.

— மதப் பிரச்சனை ஆயிப்போச்சுங்களா?

— அதெல்லாம் இல்ல. வேற கம்பெனிக்கு ஆள் இழுக்க வந்திருக்கான்னு நெனச்சிட்டான். சீசன் நேரம் பாத்துக்கிடுங்க, ஆள் போச்சுன்னா லைன் நின்னு போவும். இவ கழுத்து அட்டையப் பாத்து இவ கம்பெனிக்கே போன் போட்டுட்டான். திங்கக்கிழம எச்.ஆர். கூப்பிட்டு, உன்னய அனுப்புனது எந்தக் கம்பெனிம்மான்னு மெரட்டியிருக்காரு. வேல போயிருமோன்னு இவளுக்குப் பயம். அப்பவும் சொல்லியிருக்கா, அந்தக் கம்பெனில சம்பளம் கெடையாது சார், வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் வேலன்னு. அவரு சிரிச்சிட்டு, போயி பீஸப் பாருன்னு விட்டுட்டாரு.

— சிரிக்க வெக்காதீங்க மாசிலாமணி, தையல் இழுக்குது. அந்த ஞாயித்துக்கிழமை வந்தாங்களா இல்லீங்களா?

— மூணு மணின்னா மூணு மணிக்கு. ஒம்பது பேரும் தலையச் சீவி, சட்டைய இஸ்திரி போட்டு வந்துட்டானுவ. இவ எங்கிட்ட வந்து, அண்ணாச்சி, பின்வாசல் வழியா ஓடிருதேன்னா. அது பூட்டியிருக்கு தாயின்னேன்.

— பூட்டியிருந்துதுங்களா?

— சொல்லிட்டுத்தான் போயிப் பூட்டுனேன்.

— நல்ல ஊழியமுங்க. பொறகு?

— வேற வழியில்லாம கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுனா. எனக்கு இப்பவும் மனப்பாடம். 'பகவான், ஜல்தி ஆவ். ஹம் சப் கராப் பீஸ். ஓட்ட ஹை, கறை ஹை. ரிஜெக்ட் நஹி கரோ.' ஆண்டவரே சீக்கிரம் வாரும், நாங்க எல்லாருமே டேமேஜ் பீஸு, எங்களத் தள்ளிராதேயும்னு அர்த்தமாம். முடிக்கும்போது ஆமெனுக்குப் பதிலா 'ஓகே, பாஸ்'னுட்டா. செக்கிங் பழக்கம்.

— முப்பது வருசமா ஜெபம் பண்றேனுங்க. இத்தனை சுருக்கா எனக்கு ஒருநாளும் வந்ததில்லீங்க.

— ஒம்பது பேருக்கும் குனிஞ்ச தலையோட தோளு குலுங்குது. அழுதானுவன்னு ரோஸ்மேரி சொல்லுதா.

— நீங்க என்னங்க சொல்றீங்க?

— நான் பக்கத்துல நின்னேன் ஐயா. சிரிப்ப அடக்குனானுவ. ஆனா அடுத்த வாரம் பதினஞ்சு பேரு வந்தானுவ. இப்ப முப்பதத் தாண்டிட்டு. ரெண்டாவது வாரமே அவனுவ பாசையில பாடவும் ஆரம்பிச்சுட்டானுவ, அதுவும் நாலு குரல்ல பிரிச்சு. ஆவியானவர் எவ்வளவு சீக்கிரம் கத்துக்கொடுக்காரு பாத்தீயளான்னு இவளுக்கு ஒரே பூரிப்பு.

— செயலாளருக்குப் பூரிப்பு இல்லீங்க. வேதத்தைப் பனியன் பாசையில கேவலப்படுத்துதாம் அந்தம்மா. வாசல்ல செருப்பு மலையாட்டம் கெடக்குதாம். ஹாலைப் பூட்டோணும், ரோஸ்மேரிய பெண்கள் ஐக்கியத்துல இருந்து எடுக்கோணும், உங்களை வேலைய விட்டு நிறுத்தோணும்னு எழுதி, ஏழு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க.

— என்னய நிறுத்துனா நிறுத்துங்க. அவள எடுத்துராதீய ஐயா. இந்த மாசந்தான் வேதபாடம் வாசிக்கத் தானா வந்து பேரு குடுத்திருக்கா. இனிமே ஒருதரம் தூணுக்குப் பின்னால போனான்னா வெளிய வரமாட்டா.

— யாரையும் எடுக்கலீங்க. ஆழத்துக்குப் போங்கன்னு சொல்லிப்போட்டு நானு கட்டில்ல படுத்துட்டேன், அந்தம்மா போயிருச்சு. ஏழு பேர்த்துக்கும் நானே பதில் சொல்லிக்கிறேன். ஹால் தொறந்தே இருக்கட்டும். இன்னைக்கு மூணு மணிக்கு இந்தி தெரிஞ்ச ஆளு ஒருத்தரைக் கூட்டீட்டு நானே வர்றேனுங்க. பாவம், ஒண்ணும் தெரியாத பசங்க. இயேசு யாரு, எங்க பொறந்தாருன்னு மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

— அதுலதான் ஒரு சிக்கல் இருக்கு ஐயா.

— இன்னும் என்னங்க சிக்கல்?

— அவனுவள்ல ஒருத்தன் தமிழ் நல்லாப் பேசுவான். போன வாரம் என்னயத் தனியாக் கூப்பிட்டான். ஜார்க்கண்டுல மலை மேல அவனுவ ஊர்க் கோயிலுக்கு நூறு வயசுக்கு மேல ஆவுதாம். அவன் தாத்தாவோட அப்பா கல்லுச் சொமந்து கெட்டுனதாம். இவன் அப்பாதான் அங்க பாஸ்டரு. மொதல்ல வந்த ஒம்பது பேரும் அந்தக் கோயில்ல பாடகர் குழு.

— அப்ப இத்தனை வாரமா ஏனுங்க வாயைத் தொறக்கல? அந்தம்மா ஜெபத்துக்குத் தலையைக் குனிஞ்சுட்டு எதுக்குங்க உக்காந்திருந்தாங்க?

— நானும் அதத்தான் கேட்டேன் ஐயா. அதுக்கு அவன், 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க அண்ணாச்சி, ஜெபம் பண்ணக்கூடத் தெரியாம இருந்தாங்க, எங்க ஊர்ச் சபையே அவங்களுக்காக உபவாசம் இருக்கு, இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா ஆண்டவர்கிட்ட வர்றாங்க, கெடுத்துடாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிடுதான்.