ஜாடியைக் கேட்டு ஆள் வருகிறது

— போனை வெச்சுட்டியா? என்னவாம்? கடைக்குப் பூட்டுதானே?

— இல்ல மாமா. நன்றி சொன்னாங்க.

— நன்றியா? யாருக்கு?

— நமக்குத்தான். எதிர்த்த தையல்காரர் நம்மகிட்ட வாங்கின ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுட்டு மயங்கி விழுந்தாருன்னு நான் அவங்ககிட்ட சொன்னேன்ல, அதே மாதிரி வேற ஊர்க் கடைங்கள்ல இருந்தும் சொல்லியிருக்காங்க. சோதிச்சுப் பாத்தா, கம்பெனியிலேயே ஒரு பேட்ச்ல மருந்து ரெட்டிப்பா விழுந்திருக்கு. தப்பு நம்ம மேல இல்ல. அப்பாடா! இப்பத்தான் எனக்கு மூச்சே வருது.

— நம்ம மேல இருந்திருந்தா? எங்கப்பா வெச்ச கடை. இதுவரைக்கும் ஒருத்தன் வாசல்ல நின்னு கைநீட்டிப் பேசினதில்ல. மருமகளா வந்து வெள்ளைக் கோட்டு மாட்டினதும், நம்ம கடை மாத்திரை சரியில்லைன்னு நீயே தண்டோரா போடுறே.

— ஊருக்கு எங்க சொன்னேன்? மருந்தால யாருக்காவது கோளாறுன்னா கேட்டு விசாரிக்கற கண்காணிப்பு மையத்துக்குத்தானே சொன்னேன்.

— அவன் வெயில்ல நின்னிருப்பான், விழுந்திருப்பான்.

— நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து தைக்கறவரு மாமா.

— சரி, பட்டினி கிடந்திருப்பான். ஆமா, அந்த மையம் இன்னுமா இருக்கு? வெளிநாட்டுப் பணம் நின்னதும் மூடிட்டாங்கன்னு சொன்னாங்களே.

— காரும் கண்ணாடிக் கட்டடமும்தான் போச்சு. பெரிய ஆஸ்பத்திரியில படிக்கட்டுக்குக் கீழ ஒரு ரூம், ரெண்டு பேர், ஒரு போன். பணம் கொட்டினப்ப ஒரு கடைக்காரரும் கூப்பிடலையாம். இப்ப அவங்களே கடை கடையா வந்து உட்கார்ந்து பேசிப் பழக்கியிருக்காங்க. நாம கூப்பிடுற வரைக்கும்தான் அதுக்கு உயிர்.

— உயிரோட இருக்கட்டும். எனக்கென்ன.

— இன்னொண்ணு, கோவிச்சுக்கக் கூடாது. சாயங்காலம் அங்கேருந்து ஆள் வருது, அந்த மாத்திரை ஜாடியை எடுத்துட்டுப் போக.

— எந்த ஜாடி?

— நீங்க இப்ப கை வெச்சு மறைச்சுட்டு நிக்கிறீங்களே, அதேதான்.

— தொடாதே! மாத்திரை அட்டையைக் கத்தரிச்சு நீட்டறதெல்லாம் பெட்டிக்கடைக்காரன் வேலை. பிரிச்சு, ஜாடியில கொட்டி, நம்ம பேர் அச்சடிச்ச கவர்ல எண்ணிப் போட்டுக் குடுக்கறது நம்ம வீட்டு முறை.

— பேட்ச் நம்பர் அந்த அட்டையிலதானே இருக்கு மாமா? அவங்க கேட்டப்ப நான் முழிச்சேன். மத்த கடையில அட்டை இருந்ததாலதான் நம்பரே தெரிஞ்சுது. நாம பழசு மேல புதுசைக் கொட்டிட்டோம். எது நல்லது, எது கெட்டதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

— அப்ப... நம்ம முறையாலதான் நம்மளால பதில் சொல்ல முடியலங்கறே.

— ஆமா மாமா.

— பட்டுன்னு சொல்றியே! கொஞ்சம் மென்னு முழுங்கினா என்ன?

— நான் மென்னு முழுங்கினா தையல்காரர் மறுபடி விழுவாரு.

— வாய்! ...சரி, அது ரெட்டிப்பா உள்ள போனா என்னதான் பண்ணுமாம்?

— அழுத்தம் சட்டுன்னு இறங்கிடும். எழுந்திரிச்சா கண்ணு இருட்டும், கால் நிக்காது. நல்ல மாத்திரைக்கு மாத்தினதும் சரியாயிடும். தையல்காரர் இன்னைக்குக் காலையில மெஷின்ல உட்கார்ந்துட்டாரே, பாக்கலையா?

— வேற நோய் இல்லையே? மூளையில, நெஞ்சுல?

— ஒண்ணும் இல்ல. டாக்டரே சொல்லிட்டாரு.

— நிச்சயமா?

— நிச்சயமா. ஏன் மாமா உட்காந்துட்டீங்க? கண்ணு கலங்குது?

— தூசி. இந்தா, ஜாடியை எடுத்துக்கோ. மூடியை நல்லா இறுக்கு. அப்புறம் அந்த மையத்துக்கு இன்னொரு தடவை போன் போடு. ஆளோட பேர் கேப்பாங்களா?

— கேக்க மாட்டாங்க. வயசும், ஆணா பெண்ணாங்கறதும் போதும்.

— அப்ப எழுதிக்கச் சொல்லு. ஆண், எழுபத்தொண்ணு, அதே ஜாடி மாத்திரைதான். மாடிப்படியில ரெண்டு தடவை விழுந்துட்டு, காலம் முடிஞ்சுதுன்னு வாயே திறக்காம, கடைச் சாவியை மருமககிட்ட எப்படிக் குடுக்கறதுன்னு கண்ணாடி முன்னாடி ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தாராம். இப்போதைக்குக் குடுக்கறதா இல்லையாம், அதையும் எழுதிக்கச் சொல்லு.